கோடு அண்ணன்

காட்டுப்பாக்கத்தில் நான் மாமியாருக்குப் பயந்ததில்லை, டாக்டருக்கும் பயந்ததில்லை. எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்காரருக்குப் பயந்தேன். ஊரே பயந்தது.

பெயர் யாருக்கும் தெரியாது. கோடு அண்ணன், அவ்வளவுதான். குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் என்கிற ஆன்டிபயாடிக் மருந்து பாட்டிலுக்குள் பவுடராக வரும். கம்பெனி போட்ட கோடு வரை ஆறிய வெந்நீர் ஊற்றிக் குலுக்க வேண்டும். அதை அவரே பாலாபிஷேகம் செய்கிற பக்தியோடு செய்வார். பிறகு டாக்டர் சீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு, பாட்டிலின் அடிப்பக்கம் பேனாவால் இன்னொரு கோடு இழுப்பார். டாக்டர் சொன்ன கடைசி வேளை முடியும்போது மருந்து அங்கே நிற்க வேண்டும். கொண்டுவந்து காட்டவும் வேண்டும்!

காட்டாதவர்கள் ஷேர் ஆட்டோவில் போனாலும் நிறுத்தி இறக்கிவிடுவார். "இன்னாம்மா, காச்ச உட்டுச்சுன்னு மருந்தயும் உட்டுட்டியா? மீதிய ஃபிரிஜ்ஜுல வெச்சு ஊறுகா போடப் போறியா?"

சளிக்குச் சீட்டில்லாமல் கேட்டவரை, "இத்த குட்தா உன் மூக்கு ஒழுவறது நின்னுடுமா? டாக்டராண்ட போ மாமே" என்று துரத்தினார்.

என் மகள் இனியாவுக்குக் காது வலி, காய்ச்சல். ஏழு நாள் மருந்து. மூன்றாம் நாளே சோபாவில் குதித்தாள். வயிறும் கொஞ்சம் இளகியிருந்தது. இன்னும் மருந்து தேவையா என்று டாக்டரைக் கேட்காமல் கைபேசியைக் கேட்டேன். அது பத்துப் பதில் சொன்னது. எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டேன். ஆனால் ஏழாம் நாள் வருமே! சிங்க்கில் சிறிது சிறிதாக ஊற்றி, மருந்தைப் பேனாக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அண்ணன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நூல் புடிச்ச மாரி நிக்குது! இத்தினி வருசத்துல ஒருத்தரும் இப்டி எட்தாந்ததில்ல. அம்மான்னா இவங்கதான்யா!" கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரமே காது வலி திரும்பியது. டாக்டரிடம் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு, புதுச் சீட்டோடு கடைக்குப் போனேன். அண்ணன் முகம் வாடிப்போயிற்று.

"கரெக்டா குட்தீங்களே மேடம்... அப்போ தண்ணிய நான்தான் ஜாஸ்தி ஊத்திட்டேன் போல."

"இல்லண்ணா..." என்றேன். கைதட்டியவர்களில் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். புது மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

அன்றிலிருந்து பாட்டிலைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் துளித்துளியாகத் தண்ணீர் விடுவார். வாங்க வந்தவரிடமே நீட்டி, "நீயும் ஒரு தபா பாத்துடு" என்பார். யாரையும் அதட்டுவதில்லை. சொல்லிவிடலாம் என்று வாராவாரம் போவேன். இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்புவேன். ஒருநாள் ஷட்டர் இறங்கியிருந்தது. கடையைக் கொடுத்துவிட்டு வெளியூர் போய்விட்டாராம். எங்கே என்று விசாரிக்க, பெயராவது தெரிய வேண்டுமே.

சென்ற மாதம் இனியாவுக்கு மறுபடி அதே மருந்து, வேறு கடை. கோட்டை நானே போட்டேன். ஒரு வேளையும் விடவில்லை. ஆனாலும் ஸ்பூனில் ஒட்டியதும் சிந்தியதும் போக, ஏழாம் நாள் மருந்து கோட்டுக்குக் கீழே இறங்கி நின்றது. அண்ணன் பார்த்தால் திட்டுவார்.

திட்டட்டும் என்றுதான், அந்தப் பாட்டிலைத் தூக்கிப்போடாமல் இனியாவுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன்.