மூத்த மருமகனுக்கு ஒரு தனி ஐபி

அன்புள்ள மைத்துனன் குமரவேலுக்கு, முக்கூடலிலிருந்து உன் மூத்த அத்தான் சங்கிலிபூதத்தான் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா தங்கத்தாயும் நலம். அங்கு உன் நலத்தையும் உன் சர்வரின் நலத்தையும் அறிய ஆவல். மின்னஞ்சல் அனுப்பினால் உனக்கே ஸ்பாமில் விழும் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுப் பந்தியில் முதல் இலை எனக்கு. தீபாவளி வேட்டியும் முதலில் எனக்கு. உன் சர்வரில் மெயில் புறப்படும் முகவரி எண்ணான ஐபி என்று வந்ததும் இளைய மருமகன் செந்தூர்பாண்டிக்குத் தனி ஐபி, எனக்குப் பொது ஐபி! அன்றே கேட்டேன். "நீங்க கொஞ்சமாத்தான அனுப்புதீங்க அத்தான், நாலு பேரோட சேந்து கிடந்தாப் போதும்" என்றாய். அந்த நாலு பேர் யார்? கல்யாணத் தரகர், டுடோரியல்காரர், போர்வெல்காரர், மூட்டுவலித் தைலம் விற்கும் மதார். ஒரே கதவு எண்ணில் ஐந்து குடித்தனம். ஒருவன் வம்பு செய்தால் ஏச்சு ஐந்து பேருக்கும்தான். துபாயில் கடை வைத்திருக்கும் மேலப்பாளையம் காஜா முகைதீன் நூறு பெட்டி ஏத்தன் வாழைப்பழத்துக்கு விலை கேட்டிருந்தார், உடனே மெயிலில் அனுப்பினேன், பத்து நாளாகச் சத்தமே இல்லை, நேற்று போனில் சொல்கிறார்: "அண்ணாச்சி, உம்ம மெயிலு குப்பைக்குள்ள கிடக்குவே, லாட்டரி விழுந்துருக்குன்னு வந்ததுக்கு அடியில. இப்பத்தான் பாத்தேன். அதுக்குள்ள உம்ம சகலைக்கு ஆர்டர் குடுத்துட்டேன்."

செந்தூர்பாண்டிக்கு! வயிறு எரிகிறது மாப்பிள்ளை, இரண்டு செம்பு மோர் குடித்தும் அடங்கவில்லை. "ஒங்களுக்குப் பொறாமை" என்கிறாள் உன் அக்கா. பொறாமைதான். அவனுக்கு இருப்பது எனக்கும் வேண்டும். அந்த மதார்தான் தைலத்துக்கு ஆயிரக்கணக்கில் மெயில் அனுப்பி எங்கள் எல்லோர் பெயரையும் கெடுத்திருக்க வேண்டும். இந்த வாரமே எனக்குத் தனி ஐபி கொடு.

உன் சர்வர் படுக்காமல் இருக்கட்டும், வருகிற ஆவணிக்குள் உனக்கு நல்ல இடத்தில் பெண் அமையட்டும்.

இப்படிக்கு,
உன் மூத்த அத்தான்,
சங்கிலிபூதத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மதாரே வந்து நின்றார். பொங்கலிலிருந்து அவர் மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லையாம். சந்தேகத்தில் என் ஆபீஸில் மெயில் அனுப்பும் இசக்கிச்செல்வியைக் கேட்டேன். செந்தூர்பாண்டி முந்நூறு பேருக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பினான் என்று கேள்விப்பட்டு, எட்டாயிரம் பேருக்கு அனுப்பச் சொன்னவன் நான். "பதில் வாரவரைக்கும் அனுப்புன்னு நீங்கதான சொன்னீங்க அண்ணாச்சி, தெனமும் போவுது" என்கிறாள். இப்போது சித்திரை. மதாரிடம் இதைச் சொல்லாமல், ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆகவே எனக்குத் தனி ஐபி வேண்டாம், தனியாக இருந்தால் பழி போட ஆள் கிடைக்காது. செந்தூர்பாண்டியையும் எங்களோடு சேர்த்துவிடு, அது போதும்.