பெரியவன் சாது, சின்னவன் மோசம்

மரியாதைக்குரிய பாண்டிதுரை அண்ணாச்சி அவர்களுக்கு,

இராஜபாளையத்திலிருந்து பேண்டேஜ் துணிக்காரன் சங்கையா வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் மதினியும் பிள்ளைகள் இருவரும் சுகம்தானே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டிலிருந்து கிளம்பிப் போன கோலத்தைப் பார்த்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை காருக்குள் ஒருவரும் பேசியிருக்க மாட்டீர்கள். போனையும் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். ஆகவே கடிதம். கிழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பெண் பார்க்க வந்த இடத்தில் மதினி கை கழுவப் பின்பக்கம் போனதும், அங்கே என் மகள் மாரிசெல்வி பட்டுச்சேலையோடு போனில் பேசிக்கொண்டிருந்ததும், அது மதினி காதில் விழுந்ததும் உண்மைதான். அவள் சொன்னதும் உண்மைதான்.

"ரெண்டு பேரும் ஒரே குடும்பம். பாக்க ஒண்ணு போலத்தான் இருப்பானுக. பெரியவன் கொஞ்சம் சாது. சின்னவன்தான் மோசம், விசத்தக் கக்குதான். உள்ள விட்டம்னா குடல உருவிருவான். அதுவும் பரம்பரையா வந்தது இல்ல, பக்கத்துல இருந்தவன்கிட்டத் திருடுனது."

அண்ணாச்சி, ஆண்பிள்ளைகள் இருவர் இருக்கிற வீடு, அதிலும் பக்கத்துக் காட்டுக்காரனோடு வரப்புத் தகராறு நடக்கிற வீடு. கேட்டால் கொதிக்கத்தான் செய்யும். ஆனால் அவள் பேசியது குடலில் வாழும் பாக்டீரியாவைப் பற்றி. மதுரையில் அவள் ஆராய்ச்சியே அதுதான். ஒரே இனத்துக் கிருமியில் இரண்டு வகையை எடுத்து, அவை வெளியே கக்கும் புரதங்கள் என்னென்ன, மரபணுவில் எங்கே வித்தியாசம் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறாள். இரண்டுமே வயிற்றுக்கு ஆகாதவைதான். ஒன்று பேதியோடு விட்டுவிடும், இன்னொன்று ரத்தமாகப் போகவைக்கும். பெயர் வாயில் நுழையாததால் லேபில் பெரியவன், சின்னவன் என்றே கூப்பிடுகிறார்களாம். விஷம் செய்யும் மரபணுவைச் சின்னவன் வேறொரு கிருமியிடமிருந்து பெற்றுக்கொண்டானாம். அதைத்தான் திருட்டு என்றிருக்கிறாள்.

மதினி கூடத்துக்கு வந்து கொதித்தபோதே இதைப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். என் மச்சினன் ஐயாதுரை முந்திக்கொண்டான். "பதறாதீங்க அண்ணாச்சி, பாப்பா அவியளச் சொல்லல, பாக்டீரியாவச் சொல்லுது. இந்த வீட்டுல எந்நேரமும் அதுதான்" என்று கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னான். உங்கள் பக்கத்தில் அத்தனை பேரும் தட்டைக் கீழே வைத்துவிட்டீர்கள். என் வீட்டுக்காரியாவது சும்மா இருந்திருக்கலாம். "பிள்ள எம்புட்டுப் பொறுமை தெரியுமா மதினி, அதுகளுக்கு சூப்பு ஊத்தி வளக்கா" என்றாள். தங்கள் சின்ன மகன் வாயில் இருந்த கேசரியோடு வாசலுக்கு ஓடினார். நான் நிலைமையைச் சமாளிக்க, எங்கள் பேண்டேஜ் துணி ஆபரேஷன் தியேட்டருக்கே போகிறது என்று ஆரம்பித்தேன். அதை ஏன் ஆரம்பித்தேன் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.

எனக்கு ஒரே மகள், அண்ணாச்சி. கிருமிப் படிப்பு என்று கேட்டதுமே வாசலோடு திரும்பிப் போனவர்கள் உண்டு. அவள் சிரித்துக்கொள்வாள், ஆனால் பிறகு சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாள். உங்கள் மூத்த மகன் சேதுபதி ஒருவர்தான், "என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகவும் காத்திருந்தவர். அதற்குள் ஐயாதுரை காபியோடு குறுக்கே விழுந்தான். அப்படி ஒரு மாப்பிள்ளையை விட எனக்கு மனசில்லை. அன்று மகள் பேசியது அவளுடைய பேராசிரியை அம்மாவோடுதான். நம்பிக்கை இல்லையென்றால் அவர் நம்பரைக் கீழே எழுதுகிறேன், தாங்களே விசாரித்துக்கொள்ளலாம். தெரியாமல் நடந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதினிக்கு என் கும்பிடு. சின்னவருக்கு இப்போது வயிறு தேவலையா? ஆண்டாள் புண்ணியத்தில் எல்லாம் நேராகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி ஆக ஆசைப்படும்
சங்கையா

பின்குறிப்பு: பேராசிரியை நம்பர் கேட்டு மகளிடம் போனேன். முழித்தாள். அன்று பேசியது அந்த அம்மாவோடு இல்லையாம். "கார் திருப்பப் போறேன்னு வெளிய போயி அவியதாம்ப்பா கூப்பிட்டாவ. 'அங்க உங்கள யாரும் பேச விடல, இப்பச் சொல்லுங்க'ன்னாவ" என்கிறாள். அவிய என்றால் தங்கள் சேதுபதி! மதினிக்குப் பயந்து உங்களிடம் வாயைத் திறக்கவில்லையாம். அன்றிலிருந்து தினமும் பாக்டீரியாவில் சந்தேகம் கேட்கிறாராம். மதுரைக்கே போய் லேபையும் பார்த்துவிட்டாராம். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கல்யாணத்தை எந்த மாதம் வைப்பது என்பதுகூட அவர்களுக்குள் முடிவாகிவிட்டது. நம்மிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கியாம்.