பஞ்சக்காவுக்குப் போட்ட அவசரச் சீட்டு

ராஜபாளையத்தில் நேரத்தைக் கட்டி மேய்க்கத் தெரிந்த ஒரே ஆத்மா பஞ்சக்காதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எண்பதுகளின் நடுவில், ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சும் பேண்டேஜ் துணியும் அனுப்பும் ஒரு சின்னக் கம்பெனியில் அவர் டைப்பிஸ்ட், நான் டெஸ்பாட்ச் கிளார்க். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பத்து மணி அடித்ததும் கம்பெனிப் பஞ்சில் இரண்டு உருண்டை பிடித்து இரண்டு காதிலும் அடைத்துக்கொள்வார். அதற்கப்புறம் பன்னிரண்டு வரை உலகத்தோடு அவருக்குப் பேச்சு இல்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் சீட்டில் எழுதி, மேசை மேலிருக்கும் பிஸ்கட் டின்னில் போடவேண்டும். பன்னிரண்டுக்குப் பஞ்சை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பிரிப்பார். டீ குடிக்க வரச்சொல்லிப் பத்தரைக்குப் போட்ட சீட்டுக்கு, அப்போதுதான் "வாரேன்" என்று எழுந்து நிற்பார்.

ஒருநாள் முதலாளியே, 'மிக அவசரம்' என்று எழுதிப் போட்டார். அக்கா நிமிரவில்லை. பன்னிரண்டு மணிக்கு வாசித்துவிட்டு, என்ன அவசரமென்று எழுதவில்லையே என்று அவரிடமே குறைபட்டுக்கொண்டார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். வேறு ஆள் ஒரு வாரம் அடிக்கிற கடிதங்களை அந்த இரண்டு மணி நேரத்தில் பிழையில்லாமல் அடித்துத் தள்ளுகிறவரை என்ன செய்ய முடியும்?

ஒரு சித்திரை மாத நாள், பதினொரு மணி இருக்கும். பின்பக்கக் கிடங்கில் பஞ்சு தீப்பிடித்துக்கொண்டது. எல்லோரும் தெருவைப் பார்த்து ஓடினோம். வாசலில்தான் எனக்கு அக்கா நினைவு வந்தது. திரும்பி ஓடினேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். அங்கேதான் என் புத்தி என்னைக் கைவிட்டது. பேனாவைத் தேடி எடுத்து, 'கிடங்கில் தீ. உடனே வெளியே வரவும். தங்கள் உண்மையுள்ள' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, டின்னில் சேர்த்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அக்கா எங்கே என்று வாட்ச்மேன் கேட்டார். சீட்டுப் போட்டிருக்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் உறைத்தது. இருவரும் புகைக்குள் புகுந்து, அக்காவை நாற்காலியோடு தூக்கிவந்து தெருவில் இறக்கினோம். தூக்கும்போது அவர் எட்டி எடுத்துக்கொண்ட டின் மடியில் இருந்தது.

அரைமணியில் தீ அடங்கியது. யாருக்கும் ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணிக்கு, அந்தத் தெருவிலேயே, அக்கா என் சீட்டைப் பிரித்தார்.

"எழுத்து குண்டு குண்டா நல்லாத்தான் இருக்கு. தொட்டுக் கூப்பிடணும்னு தோணலையாக்கும், தம்பி?"

"நீங்க வைவீயன்னு பயந்துட்டேன்க்கா."

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

பயந்துபோன முதலாளி, வாசலை ஒட்டி அவருக்குத் தனி அறை ஒதுக்கினார். கதவைச் சாத்தினால் ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்காது. காதில் பஞ்சுக்கும் வேலையில்லை. மூன்றாவது நாள், பத்தரை மணிக்கு, அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அந்த நேரத்தில் அவர் எழுந்து நடந்து நான் பார்த்ததே இல்லை.

"அங்க ஒரு வரி ஓட மாட்டேங்குது, தம்பி. நீங்க நாலு பேரும் இங்க என்ன பேசிக்கிட்டிருக்கீயளோன்னே நெனப்பு போகுது."

நாலு பேருமாகப் போய் அவர் மேசையைத் தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டோம். அன்று முழுவதும், அவர் காதுப் பஞ்சைத் தாண்டிக் கேட்கட்டுமென்று, கொஞ்சம் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தோம்.