ஷார்ஜா செருப்பும் பிரசவ டாக்டர் வாசலும்

ஆணுக்கு முதுகு வலி வந்தால் டாக்டரிடம் போவான். பெண்ணுக்கு வந்தால், எந்த டாக்டரிடம் போனால் யார் என்ன சொல்வார்கள் என்று யோசிப்பாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் வலி இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கி அங்கே குடித்தனம் நடத்த ஆரம்பித்திருக்கும். ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது.

பேராவூரணிப் பக்கம் எங்கள் தெருவில் அப்போதுதான் எஸ்டிடி பூத் வந்திருந்தது. வீட்டுக்கு ஒரு ஆண் வளைகுடாவில் இருந்தார். என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில். இரண்டு வருடமாக ஊருக்கு வராதவர், லீவில் வந்து திரும்பும்போது என்னையும் மகளையும் குடும்ப விசாவில் அழைத்துப் போவதாகக் கேசட்டில் பேசி அனுப்பியிருந்தார். (ஊருக்கு வருகிற யாரிடமாவது கேசட் கொடுத்துவிடுவார்கள். குடும்பமே டேப்ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும் என்பதால் புருஷன் பெண்டாட்டிக்கென்று அதில் எதுவும் பேச முடியாது.) கேசட்டோடு ஒரு ஜோடி செருப்பும் வந்தது. தங்க நிறப் பட்டை, பஞ்சு போன்ற அடி. "செருப்ப இப்பப் போட்டுராத ஜமீலா, இங்க வர்றப்பப் போட்டுக்கிட்டு வா" என்று கேசட்டில் சொன்னார். அந்த இடத்தில் மட்டும் மாமி, அதாவது என் மாமியார், தொண்டையைக் கனைத்தார். அன்று சாயங்காலமே தெருப் பெண்கள் எல்லோரும் வந்து அந்தச் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர் வருகிறார் என்ற சந்தோஷத்தில், போன தடவை அவர் கொண்டுவந்திருந்த புலிப் படம் போட்ட கம்பளியை எடுத்துத் துவைத்தேன். காய்ந்திருந்தால்தான் அது புலி. நனைந்தால் எருமை. அதைத் தனியாளாகத் தூக்கிக் கொடியில் போடப் போனபோது இடுப்புக்கு மேலே 'களுக்' என்றது. புலி ஒரு பக்கம் விழுந்தது, நான் ஒரு பக்கம்.

மாமியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், "உடம்பு முடியாத புள்ளைக்கு எதுக்கு ஷார்ஜா?" என்று விசாவுக்கே உலை வைத்துவிடுவார் என்று நானாக முடிவு கட்டினேன். வீட்டுக்காரர் வந்து இறங்குவதற்குள், யாருக்கும் தெரியாமல் முதுகைச் சரி செய்தாக வேண்டும்.

யாரிடம் போவது? கடைத்தெருவின் பெரிய டாக்டர் கெட்டிக்காரர்தான். ஆனால் அவருடைய கம்பவுண்டர் மாமிக்குச் சொந்தம். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்களை எழுந்து நடக்க வைத்த எலும்பு வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர் வைத்தியம் செய்வது ரோட்டோரக் கொட்டகையில், பஸ்ஸில் போகிறவர்களும் பார்க்கலாம். இரட்டைப் பிள்ளை பெற்ற கைக்குச் சுளுக்கு விடும் என்பார்கள். எங்கள் தெருவில் அந்தக் கை நூர்ஜஹான் அக்காவுக்கு இருந்தது. கூடவே வாயும் இருந்தது. மதியம் லுஹர் தொழுகைக்கு அவர் காதில் விழுந்தது சாயங்காலம் அஸருக்குள் ஊர் முழுக்கத் தெரியும்.

மிச்சம் இருந்தவர் ஊருக்குப் புதிதாக வந்த லேடி டாக்டர். பெண், அதனால் தொட்டுப் பார்த்தால் கூச்சமில்லை. எங்கள் தெருவில் அவருக்குச் சொந்தமும் கிடையாது. இதைவிட என்ன வேண்டும் என்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவர் பிரசவ டாக்டர் என்பது எனக்குத் தெரியும். புருஷன் இரண்டு வருடமாக ஊரில் இல்லாதவள் அந்த வாசலில் நின்றால் என்ன அர்த்தம் என்பது மட்டும் அந்த வலியில் மூளைக்கு எட்டவில்லை.

மாமியின் வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டேன். என் பழைய செருப்பு தேய்ந்து கட்டையாகிப் போனதால் ஒவ்வோர் அடியும் முதுகில் இடித்தது. ஒரே ஒரு தடவைதானே என்று ஷார்ஜா செருப்பில் காலை நுழைத்தேன்.

டாக்டர் வாசலில் அதைக் கழற்றிவிட்டு உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தேன். சுற்றிலும் வயிறும் பிள்ளையுமாகப் பெண்கள், எல்லோரும் முகத்தைத் திறந்துகொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூடிக்கொண்டு இருந்தவள் நான் ஒருத்திதான். சற்று நேரத்தில் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"இது நம்ம ஜமீலா செருப்புல்ல?"

நூர்ஜஹான் அக்கா தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். துப்பட்டிக்குள் நான் மூச்சை அடக்கினேன். (மூச்சு விடாவிட்டால் ஆள் மறைந்துவிடுவேன் என்று எண்ணம்.) அக்கா நேரே என்னிடம் வந்தார். "நல்லாருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அக்கா அவ்வளவு கனிவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

டாக்டர் முதுகை அழுத்திப் பார்த்தார். "தசைப் பிடிப்புதாம்மா. கொஞ்ச நாளைக்குக் குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க, தானா சரியாயிடும்" என்றார். அவ்வளவுதான்.

நான் வழியில் நின்று நின்று வீடு வந்து சேர்வதற்குள் யாரோ கொடுத்துவிட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு கிண்ணத்தில் வந்திருந்தது. கேட்காமல் வந்த ஊறுகாய். கூடத்தில் மாமியைச் சுற்றி நூர்ஜஹான் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க போயிட்டு வர்ற?" என்றார் மாமி.

"முதுகு வலி மாமி. லேடி டாக்டர்ட்ட போனேன்."

"முதுகு வலிக்கா?" என்று நூர்ஜஹான் அக்கா இழுத்தார்.

மாமி என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "ஆமா, நாந்தான் போகச் சொன்னேன். புள்ள ரெண்டு நாளா எந்திரிக்க முடியாமக் கெடக்குது. முதுகெலும்பே வெலகிப் போச்சு. அதுக்கு என்ன இப்ப?"

அவர்கள் போனதும் நான் அழுதேன். "ஏன்டி எங்கிட்டச் சொல்லல?" என்றார் மாமி.

"சொன்னா ஷார்ஜாவுக்கு அனுப்ப மாட்டீங்கன்னு..."

"அடிப் பைத்தியம். உன்னக் கூப்பிட்டுக்கச் சொல்லி பூத்துலேருந்து போன் போட்டு அவன நச்சரிச்சதே நாந்தான்டி. உன் மாமா பினாங்குலயே இருந்தாங்க, நான் இங்கயே கெடந்தேன். நீயும் அப்படிக் கெடக்கணுமா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா கூட வந்திருப்பேன். மாமியாரோட போறவ எந்த வாசல்ல நின்னா யாரு கேப்பா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை வைத்தியரை எடை போட்டேன், கூட யார் வருவது என்பதை யோசிக்கவில்லை.

மறுநாளிலிருந்து மாமி என் மானத்தைக் காப்பாற்றக் கிளம்பினார். அதற்காக என் முதுகெலும்பை உடைத்தார். ஒரு வீட்டில் விலகியிருந்த எலும்பு, அடுத்த வீட்டில் நசுங்கியது. தெருக்கோடியில் தஞ்சாவூரில் ஆபரேஷன் என்றானது. எனக்கோ டாக்டர் சொன்னபடி வலி தானாகவே போய்விட்டது. ஆனால் நிமிர்ந்து நடந்தால் பழைய பேச்சு திரும்பி வருமே! வலி போன பிறகுதான் நான் நொண்ட ஆரம்பித்தேன். நன்றாகவே நொண்டினேன்.

இதெல்லாம் ஷார்ஜா வரை கேட்கும் என்று நானும் மாமியும் நினைக்கவில்லை. அவர் பெட்டிகளோடு காரிலிருந்து இறங்கியபோது, எதிர்வீட்டு வாசலில் நூர்ஜஹான் அக்கா நின்றதால், நான் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் வரவேற்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

அறைக்குள் போனதும், "எனக்கு ஒண்ணுமில்ல மச்சான், பாருங்க" என்று குனிந்து புலிக் கம்பளியைத் தூக்கிக் காட்டினேன். பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார்.

"எங்கூட வரணும்னு வலிய மறைக்கிற. எனக்குத் தெரியும்."

மாமி வந்து சத்தியம் செய்தார். "நீங்கதானேம்மா ஊரெல்லாம் சொன்னீங்க?" என்றார் அவர். "நாலாவது மாடி, லிஃப்ட் கெடையாது. பகலெல்லாம் நான் வேலைக்குப் போயிடுவேன், இவள யாரு பார்த்துக்குவா? அடுத்த வருஷம் ஆகட்டும்."

அடுத்த வருடம் அந்தக் கம்பெனியை மூடினார்கள். பிறகு கிடைத்த எந்த வேலையிலும் குடும்ப விசா இல்லை. தலை நரைக்கும் வரை லீவில் வந்து லீவில் போனார். நான் இன்றுவரை ஷார்ஜாவைப் பார்த்ததில்லை. மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பார்த்திருப்பேன். இப்போதும் நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

எங்கள் வீட்டில் யார் எந்த டாக்டரிடம் கிளம்பினாலும், "செருப்ப உள்ள எடுத்து வச்சுக்க" என்று சொல்லித்தான் வழியனுப்புவார்கள். மாமி கடைசி வரை சொன்னார். இப்போது என் வீட்டுக்காரர் ஊரோடு வந்துவிட்டார், முதுகு வலியோடு. தஞ்சாவூரில் ஒரு பிசியோதெரபிக்காரரிடம் கூட்டிப் போகிறேன். போன வாரம் கிளம்பும்போது மகள் வீடியோ காலில் அவள் அப்பாவிடம், "அத்தா, செருப்பு பத்திரம்!" என்றாள். பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். வழக்கம்போல நான்தான் அதிகம் சிரித்தேன்.

பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். ஒரத்தநாடு தாண்டியதும், "அங்க எங்க ரூமுக்குக் கிட்டதான் கடல். சாயங்காலமானா குடும்பம் குடும்பமா நடப்பாங்க. நீயும் எங்கூட நடப்பேன்னுதான் அந்தச் செருப்ப வாங்கினேன்" என்றார்.

"அது எப்பவோ பிஞ்சு போச்சு" என்றேன்.

தஞ்சாவூரில் இறங்கிப் போனோம். வாசலில் நான் செருப்பைக் கழற்றிப் போட்டேன். அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்லக் குனிந்து, என் செருப்பை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.