பட்டமிறக்கிச் சாமியார்

சத்தியமாகச் சொல்கிறேன்: எங்கள் தெருக்கோடி மண்டபத்தில் ஓர் எடை மேடை இருந்தது. அதில் ஏறி நின்றால் தலைக்குள் இருக்கிற எம்.ஏ. தானாகக் கழன்று விழும். முனைவர் பட்டமென்றால் தொப்பென்று சத்தமே கேட்கும்!

கேட்காமலா ஊரே திரண்டது? பொறியாளர், வழக்கறிஞர், விஞ்ஞானி என்று வரிசை தெருக்களைச் சுற்றிவந்து தன் வாலையே மிதித்துக்கொண்டு நின்றது. எல்லாருக்கும் ஒரே வியாதி: படிப்பு ஜாஸ்தி, வேலை இல்லை.

"படிப்பு பேய் மாதிரி. அளவுக்கு மேல ஏறினா வேலையைக் கிட்ட அண்டவிடாது" என்பார் பட்டமிறக்கிச் சாமியார். முதலில் எடை பார்ப்பார். அசல் சான்றிதழைத் தீயில் போடுவார். மறுபடி எடை. அரைக் கிலோ குறைந்திருக்கும்! கூட்டம் ஆனந்தக் கண்ணீரில் நீந்தும்.

என் மகளும் நின்றாள். வேதியியலில் முனைவர். அன்று காலைதான் பிஸ்கட் கிடங்கில், "இவ்ளோ படிச்சவங்க பெட்டி ஒட்ட வந்தா நிலைக்க மாட்டீங்கம்மா" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"எரிச்சிட்டா திரும்ப வருமாடி?" என்றாள் என் அக்கா. ஊரில் நம்பாத ஒரே ஜீவன்.

"வெச்சிருந்து என்னத்த கண்டேன் அத்தை? பெட்டி ஒட்டவாவது கூப்பிடட்டும்."

"சரி, எனக்கு அப்புறம் நீ போ."

அக்கா தள்ளுவண்டியில் ஓர் உருவத்தைக் கொண்டுவந்தாள். முழுக்கப் போர்வை, உச்சியில் தொப்பி.

"என் கடைசித் தம்பி, சாமி. மூணு பட்டம். வெட்கத்துல முகம் காட்டமாட்டான்."

எனக்கே தெரியாத தம்பி! சீடர்கள் அவனைத் தூக்கி மேடையில் வைத்தார்கள். எடை பார்த்தாயிற்று. அக்கா சுருட்டிக் கொடுத்த பழைய கரண்ட் பில்களைச் சாமியார் பிரித்துக்கூடப் பார்க்காமல் தீயில் போட்டார். மறுபடி எடை.

"ஆகா! மூணும் இறங்கிருச்சு! நாளைக்கே வேலை!"

அக்கா போர்வையை உருவினாள். உருளைக்கிழங்கு மூட்டை!

"எந்தக் காலேஜ்னு கேளுங்க சாமி, வெட்கப்படுது" என்றவள், அவரை நாலடி தள்ளி நிறுத்திவிட்டு மூட்டையை மறுபடி மறுபடி எடை போட்டாள். ஒவ்வொரு தடவையும் முள் அதே எடையில்தான் நின்றது. மேடை ஓரத்தில், சாமியாரின் அங்கி மறைத்திருந்த இடத்தில், கால் பெருவிரல் அளவுக்கு ஒரு பள்ளம் தேய்ந்து பளபளத்தது. முதல் எடைக்கு மட்டும் சாமியார் அழுத்துகிற இடம்!

சாமியார் ஓடிய வேகத்தில் அங்கி தெருவிலேயே நின்றுவிட்டது. என் மகள் சான்றிதழ்களை இறுக்கிக்கொண்டு விக்கி விக்கிச் சிரித்தாள்.

"அப்போ எங்க படிப்பு இறங்கவே இல்லையாம்மா?" என்று பாவமாகக் கேட்டார் வழக்கறிஞர்.

"இறங்குச்சுய்யா, நானே ஒத்துக்கறேன்" என்றாள் அக்கா. "ஆனா மேடையில இல்ல. இந்த வரிசையில வந்து நின்னீங்களே, அப்பவே மொத்தமா இறங்கிருச்சு."