ஏழாம் நம்பர் கட்டில்

பகல் ஒரு மணிக்குக் கொறடாவுக்கு ஒரு தலை குறைந்தது.

அரசாங்கத்தின் கடன் வரம்பை உயர்த்தி, அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிகளுக்குச் செலவழிக்க வேண்டும் என்ற தீர்மானம் மூன்று மணிக்கு வாக்கெடுப்புக்கு வருகிறது. அதைத் தோற்கடித்தே தீருவது என்று அவர் கட்சி கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது. கட்சிக்காரர்களை எண்ணி, இழுத்து வந்து, சொன்னபடி ஓட்டுப் போட வைப்பதுதான் கொறடாவின் உத்தியோகம். மூன்று தரம் எண்ணினார். இந்தப் பக்கம் நாற்பத்தொன்று. அந்தப் பக்கமும் யாரோ ஒருவர் வரவில்லையாம், நாற்பத்தொன்று. சமமாக வந்தால் சபாநாயகர் ஓட்டுப் போடுவார். சபாநாயகர் அந்தப் பக்கத்து ஆள்.

"நம்மாளு ஒருத்தர் எங்கய்யா?" என்றார் தலைவர்.

"நேத்து இந்தக் கடன் விவகாரத்துல அந்தப் பக்கத்து ஆளோட பேச்சு முத்தி, வாசப் படியில உருண்டுட்டாருங்க. பெரியாஸ்பத்திரியில இருக்காரு. முகமெல்லாம் கட்டு. வாயே தொறக்க முடியாதாம்."

"வாயைத் தொறக்க யாரு கூப்பிட்டா? கை இருக்கில்ல? தூக்கிட்டு வா. தீர்மானம் ஜெயிச்சுதுன்னா நாளைக்கு உன் நாற்காலியில வேற கொறடா."

பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து குழி விழுந்த நாற்காலி. அதை இன்னொருத்தனுக்கு விடுவதாவது! கொறடா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"ஏழாம் நம்பர் கட்டில், சார்," என்று வழிகாட்டினாள் வார்டு ஆயா.

ஏழாம் நம்பரில் இரண்டு பேர் கிடந்தார்கள். ஒருவருக்கு முகம் முழுக்க வெள்ளைக் கட்டு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை, காலில் மாவுக்கட்டு. இன்னொருவர் அந்தக் காலுக்குப் பக்கத்தில் தலை வைத்து, போர்வையை உச்சி வரை இழுத்து மூடிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா அநியாயம் இது? ஒரு கட்டில்ல ரெண்டு பேரா?"

"மூணாவது ஆளு சாயங்காலம் வர்றாரு சார். புதுக் கட்டில் கேட்டோம். கடன் வாங்கிக் கட்டில் வேணாம்னு போன வருஷம் உங்க சபையிலதான் நிறுத்திட்டாங்களாம்."

நிறுத்தியவர்களைத் தலை எண்ணிக் கூட்டி வந்ததே கொறடாதான். பேச்சை மாற்றினார்.

"இவரை ரெண்டு மணி நேரம் கூட்டிட்டுப் போய்க் கொண்டாந்து விட்டுடறேன்."

"டாக்டர் கையெழுத்து வேணும். மூணு வார்டுக்கு ஒரே டாக்டர். போய்ப் பாக்கறேன்."

அவள் போன பிறகு கடிகாரம் ஓடியது, டாக்டர் வரவில்லை. இரண்டு மணி அடித்ததும் கொறடா, கட்டுப் போட்டவரின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினார்.

"ம்ம்! ம்ம்ம்!" என்று அவர் திமிறினார். காற்றில் எழுதிக் காட்டினார்.

"கையெழுத்தெல்லாம் ஆயா பாத்துக்கும். எந்திரிங்க!"

அவர் வேகமாகத் தலையை ஆட்டினார். தன் நெஞ்சைத் தட்டினார். போர்வைக்காரரைச் சுட்டிக் காட்டினார்.

"அவருக்கு இடைஞ்சல் ஆகாது, நல்லாத் தூங்குறாரு. மூணு மணிக்கு ஓட்டெடுப்பு. உங்க ஒரு ஓட்டுலதான் எல்லாம் இருக்கு."

அவ்வளவுதான். ஓட்டைக்குள் இருந்த கண்கள் அகன்றன. திமிறல் நின்றது. அவரே கையை நீட்டிக் கொறடாவின் தோளைப் பற்றிக்கொண்டார். இவ்வளவு கட்சிப் பற்றா என்று கொறடா அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தார்.

சக்கர நாற்காலிக்கு ஒரு சக்கரம் இல்லை. அதனால் அழுக்குத் துணி வண்டியில் உட்கார வைத்தார். லிஃப்ட் ஓடவில்லை. அதனால் சரிவுப் பாதையில் இறக்கினார். வண்டிக்குப் பிரேக் இல்லை என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. வண்டி முன்னே ஓட, பிடியை விடாத கொறடா பின்னே செருப்பில்லாமல் பறந்தார். கீழே மருந்து வாங்கும் வரிசை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. சுவரில் மோதி நின்றபோது கொறடாவின் இடுப்பில் 'களுக்' என்று ஏதோ பிசகியது.

வண்டிக்குள் இருந்தவர் பதறவில்லை. விளிம்பைத் தட்டி, சீக்கிரம் என்று சைகை காட்டினார்.

ஆம்புலன்ஸ் ஒன்றுதான். அதுவும் பழுதாகி முட்டுக்கட்டை மேல் நின்றது. கொறடாவின் காருக்குள் மாவுக்கட்டுக் கால் நுழையவில்லை. கடைசியில் பீரோ ஏற்றிப்போன ஒரு வேனை மறித்து, இரண்டு பீரோவுக்கு நடுவே அவரைப் படுக்க வைத்தார்.

"இன்னும் கடன் வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொட்டணுமாம்! ஏற்கனவே கொட்டினது பத்தாதா?" என்றார் கொறடா, இடுப்பைப் பிடித்தபடி.

கட்டுக்குள்ளிருந்து சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மூன்றுக்கு இன்னும் நான்கு நிமிஷம். எழுந்து நிற்க முடியாதவர்கள் வாசலிலேயே சீட்டுப் போடலாம் என்று சபையில் ஒரு விதி உண்டு. ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு. குமாஸ்தா கட்டைப் பார்த்துத் தயங்கினார்.

"சார் உறுப்பினர்தானா?"

"நான் கொறடா, நான் சொல்றேன்! பன்னிரண்டு வருஷமா இவங்களை எண்ணிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

எண்ணியது உண்மை. எண்ணும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. நோயாளி இரண்டு சீட்டையும் வாங்கி, ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு, மற்றதைக் கசக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

சபாநாயகர் முடிவை வாசித்தார்: "ஆதரவு நாற்பத்திரண்டு. எதிர்ப்பு நாற்பத்தொன்று. தீர்மானம் நிறைவேறியது."

எதிர்வரிசை மேஜையைத் தட்டியது. தலைவர் மெல்லத் திரும்பிக் கொறடாவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே நாற்காலி போய்விட்டது.

கொறடா வாசலுக்குப் பாய்ந்தார். நோயாளியின் மடியில் கசங்கிக் கிடந்தது சிவப்புச் சீட்டு.

"அடப்பாவி! எவ்வளவுக்கு விலை போன? உன்னைச் சுமந்து என் இடுப்பே போச்சேடா!"

நோயாளி அவர் கையைப் பிடித்து, மனமார நன்றி சொல்வது போல் இரண்டு தரம் குலுக்கினார்.

அப்போது டாக்டர் கையெழுத்திட்ட காகிதத்தோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள் வார்டு ஆயா.

"சார், போர்வைக்குள்ள தூங்கின உங்காளு முழிச்சிட்டாரு. சபைக்குக் கூட்டிட்டுப் போக எப்ப வருவீங்கன்னு எழுதிக் காட்டிக் கேக்குறாரு."