சும்மா சுற்றியவருக்கும் சம பங்கு

பதற்றத்தில் இருப்பவன் பார்வைக்கு வேலை செய்கிறவன் போலவே இருப்பான். கணினியும் அப்படித்தான். அதை நம்பி ஏமாந்ததற்கு நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இனியும் உத்தேசமில்லை.

மன்னாரில் நண்டு வாங்கி ஏற்றும் ஒரு கம்பனியில் கணினிப் பொறுப்பு எனக்கு. இருந்ததோ ஒரே பெட்டி. அதை மென்பொருளால் மூன்று மெய்நிகர் கணினிகளாகப் பிரித்திருந்தேன்: தராசுக்கு, கணக்குக்கு, கமராவுக்கு. பெட்டிக்குள் இருந்த கொஞ்ச நிஜச் செயலிகளை மூன்றின் மெய்நிகர் செயலிகளும் முறைவைத்துப் பாவிக்க வேண்டும். வேலையில்லாமல் சும்மா சுற்றும் மெய்நிகர் செயலியைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும் வசதியும் அதில் இருந்தது. நான்தான் நிறுத்தி வைத்தேன். (எல்லோரும் சமம். ஒருவரை ஒதுக்க நான் யார்?)

ஒரு காலை தராசு உறைந்துபோனது. பில் வராமல் நண்டு லொறியில் ஏறாது. செத்த நண்டு பில்லோடும் ஏறாது. வரிசையின் முதலில் நண்டுக் கூடையோடு பிலோமினா அக்கா.

“என்ன தம்பி நடக்குது?”

“தராசுக் கணினி நூறு வீதம் வேலை செய்யுது அக்கா. பாவம், ஆள் போதாது.”

அதற்கு இன்னும் நான்கு மெய்நிகர் செயலிகள் கொடுத்தேன். உடனே கமரா நின்றது. கணக்கு நின்றது. என் மூச்சும் ஏறக்குறைய.

“என்ர நண்டு செத்துதெண்டா, உன்ர கொம்பியூட்டரைத்தான் ஐசில போட்டு அனுப்புவன்,” என்றார் அக்கா.

பிறகுதான் விளங்கியது. பில் எழுதும் இடத்துப் பூட்டின் திறப்பைக் கையில் வைத்திருந்த செயலி, தன் முறை முடிந்து வெளியே காத்து நின்றது. மற்றவை நிஜச் செயலிகளில் ஏறி நின்று “திறந்தாச்சா, திறந்தாச்சா” என்று கேட்டே நேரத்தைத் தின்றன. நான் அனுப்பிய நால்வரும் போய் அதையேதான் கேட்டார்கள்.

நான் நிறுத்தி வைத்த அந்த வசதியைத் திரும்ப இயக்கினேன். (ஐஸ் பக்கத்தில் இருந்தது. ஒரு கணினி கொள்ளும் அளவுக்கு.) கேட்டுக்கொண்டு நின்றவை ஒதுங்கின, திறப்புக்காரனுக்கு முறை வந்தது, பில்லும் வந்தது. ஒதுங்கியவற்றின் முறை பறிபோகவில்லை, பிறகு ஒழுங்காகக் கிடைத்தது. நியாயம் என்றால் அது.

அக்காவின் கூடையில் பாதிதான் லொறி ஏறியது. செத்த மீதிக்கு உயிர் நண்டின் விலையை என்னிடம் வாங்கிக்கொண்டு, என் மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டார்.

அதைக் கறி வைத்த மனைவிக்கு முழுக் கதையும் சொன்னதுதான் என் உண்மையான பிழை. இப்போதெல்லாம் விருந்தாளிகள் வரும் நாளில் நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடினால் மகளைக் கூப்பிடுகிறாள்.

“பிள்ளை, அப்பாவை ஒருக்கா கதிரையில இருத்து. வேலை நடக்கட்டும்.”

இருக்கிறேன். ஆனால் அடுப்படி வரை கேட்கத்தான் சொல்கிறேன்: “இருக்கிறன். என்ர முறை கணக்கில நிக்கவேணும்.”